ஆறடிக்குக் குறையாமல்

நகராட்சியில் முப்பத்தோரு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு ஆபீசில் வைத்த பெயர் ஆறடியார். ஆள் என்னவோ ஐந்தடி மூன்று அங்குலம்தான். பெயர் உயரத்தால் வந்ததல்ல, ஒரு கோலால் வந்தது. இடுகாட்டில் யாருக்குக் குழி வெட்டினாலும் ஆறடி மரக்கோலோடு வந்து நிற்பார். கோலைக் குழிக்குள் இறக்குவார். அதன் தலை தரைக்கு மேல் ஒரு விரல்கடை தெரிந்தாலும் "இன்னும் வெட்டு" என்பார். துக்கத்துக்கு வந்தவர்கள் மழையில் நனைந்தாலும் சரி, வெயிலில் சுருண்டு விழுந்தாலும் சரி, ஆறடி ஆகாமல் இறக்க விடமாட்டார். செத்தவருக்கு என்ன அவசரம் என்று கேட்பார். அழுகிறவருக்கு அவசரம் இருக்கலாம் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த இடுகாடு அவருடைய ராஜ்ஜியம். குடிமக்கள் எதிர்த்துப் பேசாதவர்கள் என்பதால் ஆட்சி அமோகமாக நடந்தது. பாதையெல்லாம் சிமெண்ட். கல்லறை மேலெல்லாம் வழவழப்பான கல், சிலவற்றில் குளியலறைக்கு வாங்கி மீந்துபோன ஓடு. புல் முளைத்தால் மருந்து. வரிசைக்கு நம்பர், நம்பருக்குள் நம்பர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் உட்கார்ந்து, ஊர் இடுகாடுகளுக்கான பதினான்கு விதிகளை அவரே எழுதினார். நகர்மன்றம் வழக்கம்போல் படிக்காமலே நிறைவேற்றியது. அதில் ஒன்பதாவது: "குழி ஆறடிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் மனிதர் முப்பத்தோரு வருடம் ஊரையே ஆட்டி வைத்தார்.

ஓய்வு பெற்று மூன்றாம் வருடம், ஒரு நாள் காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"உன் தங்கச்சிக்கு முத்திப்போச்சு. இங்க பாரு. இயற்கை இடுகாடாம். விளக்கக் கூட்டமாம். செத்தவனுக்கு விளக்கம் எதுக்கு?"

"சாகப்போறவங்களுக்கு, ஆறடியாரே" என்றாள் மனைவி. ஊரில் அந்தப் பெயரை நேருக்கு நேர் சொல்லும் தைரியம் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு.

அவளுக்கு ஒன்றரை வருடமாக இதயம் வீங்கிக்கொண்டே வந்தது. டாக்டர்கள் மாத்திரைகளின் நிறத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்று மூன்று தலையணையில் சாய்ந்தே இருப்பாள். பிள்ளை இல்லை. அவரைத் திட்டவும் கிண்டல் செய்யவும் வீட்டில் வேறு ஆள் கிடையாது, எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

கொழுந்தியாள் மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவள். ஊருக்கு வெளியே, பழைய மரக்கிடங்குக்குப் பின்னால், புதர் மண்டிய மூன்று ஏக்கர் அவளுக்கு இருந்தது. அதில் ஒரு கல்யாண மண்டபம் கட்டி வாடகைக்கு விட்டால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். அதை விட்டுவிட்டு இரண்டு வருடமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, அங்கே பிணம் புதைக்க அனுமதி வாங்கியிருக்கிறாள். இதைக் கேட்டபோது ஆறடியாருக்கு வயிற்றெரிச்சலா, சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று கூட்டத்துக்குக் கிளம்பிப் போனார். பார்க்கப் போனார் என்பது பேச்சுக்கு, மட்டம்தட்டத்தான் போனார்.

புதர்களுக்கு நடுவே ஒரு பந்தல். நாற்பது பேர். உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி. இயற்கையின் லட்சணத்தைப் பார் என்று ஆறடியார் மனதுக்குள் குறித்துக்கொண்டார். பந்தல் காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. நெட்டை. நகராட்சி இடுகாட்டில் இருபத்திரண்டு வருடம் அவருக்குக் கீழே குழி வெட்டியவன். ஓய்வு பெற்றதும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

வந்திருந்த கும்பலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாவைப் பற்றி நாலு கட்டுரை படித்துவிட்டு, தங்களுக்கு அது வராது என்ற திடமான நம்பிக்கையோடு வந்து உட்கார்ந்திருந்த பேர்வழிகள். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எழுந்து, கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்டார்.

"யாருக்கு சார்? வந்துட்டுப் போறவங்களுக்கா, தங்குறவங்களுக்கா?" என்றாள் கொழுந்தியாள்.

மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா, பெட்டி இல்லாமல் வெறும் துணியில் வைத்தால் பூச்சி அரித்துவிடாதா என்று கவலைப்பட்டாள். "அரிக்கணும்மா. அதுதான் திட்டமே" என்று பதில் வந்தது. இன்னொருவர் தனக்கு நிழலான இடமாகப் பார்த்து ஒதுக்கச் சொன்னார். வெயில் ஒத்துக்கொள்ளாதாம்.

கொழுந்தியாள் சிரிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கெடாமலிருக்க மருந்து ஏற்றிய உடம்பு வேண்டாம், நிலத்தடித் தண்ணீருக்குக் கெடுதல். பாலிஷ் போட்ட பெட்டி வேண்டாம், நைலான் துணி வேண்டாம். பருத்தித் துணி போதும், இல்லாவிட்டால் பச்சை மரப் பலகை. மேலே சிமெண்ட் கூடாது. மண் அமுங்கி ஒரு வருடம் ஆனபிறகு ஒரு செடி, தலைமாட்டில் ஒரு சின்னக் கல், அவ்வளவுதான். பிறகு பலகையில் ஒரு குழியை வரைந்தாள்.

"ஆழம் மூணரை அடி. உடம்புக்கு மேல ரெண்டடி மண்ணு. ஏன்னா காத்து, வேரு, புழு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஜீவன் எல்லாம் அந்த மேல் மண்ணுலதான் இருக்கு. மண்ணுல போட்டதை மண்ணாக்குறது அதுங்கதான். ஆறடிக்குப் போனா அங்க வேலை செய்ய ஆளே இல்ல. அங்க கொண்டுபோய் வெச்சா அதுக்குப் பேர் புதைக்கிறது இல்ல, பதுக்குறது."

ஆறடி என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதர் எழுந்துவிட்டார்.

"மூணரை அடியில வெச்சா நாய் தோண்டும்."

"ரெண்டடி மண்ணு மூடியிருந்தா நாய்க்கு வாசனை தெரியாது அத்தான். நாய்க்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியுது?"

பந்தல் சிரித்தது. நெட்டை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"இது இடுகாடு இல்ல, வெறுங்காடு" என்றார் ஆறடியார், முகம் சிவந்து.

"இடுகாடுங்கற பேர்லயே காடு இருக்கே. அதை வெட்டிட்டு சிமெண்ட் போட்டது நீங்கதான்."

இதற்கும் சிரித்தார்கள். முப்பத்தோரு வருடம் யாரும் சிரிக்காத இடத்தில் அதிகாரம் செய்து பழகியவருக்கு இது தாங்கவில்லை. கொடுத்த டீயைக் குடிக்காமல் வெளியே வந்தார். நேரே வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். போகவில்லை, நகராட்சிக்குப் போனார்.

அவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவனுக்கு ஆபீசில் வால் என்று பெயர். பத்து வருடம் அவர் பின்னாலேயே திரிந்து, அவர் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வளர்ந்தவன். ஓய்வு பெற்ற அன்று ஆறடியார் தம் கோலை அவன் கையில்தான் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஒன்பதாம் விதி ஞாபகம் இருக்கா?"

"சார், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"தனியார் இடுகாட்டுக்கும் நம்ம விதிதான். அந்த மூணு ஏக்கர்ல எவனைப் புதைச்சாலும் நீ நேர்ல போய் நிக்கணும். ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைஞ்சாலும் விடாதே."

வால் எழுந்து நின்று தலையாட்டினான். வீட்டுக்குத் திரும்பும்போது ஆறடியாருக்கு நடையில் ஒரு துள்ளல் வந்திருந்தது. ஒரு பெண்பிள்ளையின் இரண்டு வருட உழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டு, என்னவோ பெரிய சாதனை செய்தவர்போலக் கடையில் நின்று ஒரு டீயும் குடித்தார்.

மறுநாள் பத்து மணி வாக்கில் மனைவி அவரைக் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மாத்திரை டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

"நான் அங்க பேர் குடுத்துட்டேன்."

"எங்க?"

"தங்கச்சி காட்டுல."

அவர் தாளைப் பார்த்தார். அவளுடைய கையெழுத்து, நடுக்கமில்லாமல். படித்து முடித்ததும் கொட்டிவிட்டார்.

"உனக்கு என்ன தலையெழுத்து? நம்ம ரெண்டு பேருக்கும் முதல் வரிசையில இடம் எடுத்து வெச்சிருக்கேன். நல்ல மரப்பெட்டி, மேல கல்லு. அதை விட்டுட்டு முள்ளுக்காட்டுல, துணியில சுத்தி, புழுவுக்குப் போடறதா? என் பொண்டாட்டியை அப்படிப் போட்டேன்னா ஊர்ல எவன் என்னை மதிப்பான்?"

"நாலாவது வரிசையில நீங்க பாத்ததைத்தான் எனக்கும் பண்ணப்போறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

ஆறடியார் தாளை நாலாக மடித்தார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடத்துக்கு முன்னால், இடுகாட்டு வழியாக வடிகால் குழாய் பதிக்க நாலாவது வரிசையைத் தோண்ட வேண்டி வந்தது. பத்தொன்பது வருடப் பழைய பெட்டி ஒன்று உடைந்தது. அவர் காலத்துக் குழிதான், கச்சிதமாக ஆறடி. உள்ளே மண் ஆகியிருக்க வேண்டிய மனிதர் மண் ஆகவில்லை. சோப்புக் கட்டியைப் போல வெளிறி, ஈரமாக, முழுசாகக் கிடந்தார். கால்சட்டையின் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. ஓர் ஊரின் அத்தனை மழையும் அவர் மேல் இறங்கியிருந்தது, ஆனால் அவரை எடுத்துக்கொள்ள அந்த ஆழத்தில் யாரும் இல்லை. ஆறடியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அறிக்கையில் "குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபீசில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்து இவளிடம் மட்டும் சொன்னார்.

"மூணு நாள் நீங்க சாப்பாட்டைத் தொடலை. குளிச்சிட்டு குளிச்சிட்டு வந்தீங்க" என்றாள் மனைவி. "என்னையும் அப்படி வெச்சிட்டு, வீட்டுக்கு வந்து உங்களால சாப்பிட முடியுமா?"

"அது களிமண்ணு. தண்ணி நின்ன இடம். எல்லா இடமும் அப்படியா இருக்கும்?"

"ஆறடியில காத்து உண்டா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

ஜன்னலைச் சாத்தப் போகிறவர்போல எழுந்து போனார். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் அவள். கிண்டல் எல்லாம் போய்விட்டிருந்தது. "சாகறதுக்கு இல்ல. அப்படியே கிடக்கறதுக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"பாப்போம்" என்றார் ஆறடியார்.

இந்தப் 'பாப்போம்' இருக்கிறதே, உத்தியோகஸ்தர்கள் கண்டுபிடித்ததிலேயே கேடுகெட்ட சொல் இதுதான். ஆம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. எத்தனையோ மனுதாரர்களை இதைச் சொல்லித்தான் அவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். கட்டிய மனைவி மூச்சு வாங்க ஒன்று கேட்டபோதும் அவர் வாயில் அதுதான் வந்தது.

ஆனாலும் மனசாட்சி கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த நாள் ஆபீசுக்குப் போனார். நான் சொன்னதை விட்டுவிடு, மூன்றரை அடியானால் என்ன, கண்டுகொள்ளாதே என்று வாலிடம் சொல்வதற்காகத்தான் போனார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் வால் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"சார், நீங்க வாயால சொன்னதை நான் எழுத்துலயே போட்டுட்டேன். அந்த மேடத்துக்கு நோட்டீஸ் போயாச்சு. ஒன்பதாம் விதியை மீறினா அனுமதி ரத்து. முதல் பிணத்துலயே பிடிச்சிடலாம் சார். உங்க பேரைக் காப்பாத்தாம விடமாட்டேன்."

ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பியூன் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தோற்றுப்போய்ச் சிரிப்பு வாங்கிய மனிதருக்கு இரண்டு நாளாகக் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது.

"நல்லது" என்றார். "நல்லா எழுதியிருக்கே."

இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா என்று கேட்கலாம். இருக்கிறது. அது அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மனைவிக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தது, தலையணையைத் தட்டிச் சரிசெய்தது, ஆபீசுக்குப் போய்வந்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் திரும்ப எதுவும் கேட்கவுமில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தபோது அவள் இறந்துபோனாள். ஒரு செய்தியை முடித்து, "கேட்டியா?" என்று நிமிர்ந்தார். பதில் இல்லை. அதற்குப் பிறகும் அவர் இன்னொரு செய்தி படித்தார். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக, கடைசிவரை படித்தார்.

கொழுந்தியாள் வந்தாள். அக்காளைக் குளிப்பாட்டினாள். அவள் வழக்கமாகப் போர்த்தும் பழைய பருத்திப் போர்வையில் சுற்றினாள். தாளில் கையெழுத்து இருக்கிறது, கேள்விக்கு இடமில்லை. ஆறடியார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வால் வராமல் இருக்க வேண்டுமே என்று வழிநெடுகப் பதைத்துக்கொண்டிருந்தார். வராமல் எப்படி இருப்பான்? அவனைப் பழக்கியவர் யார்?

மூன்று மணிக்கு எல்லாரும் மூன்று ஏக்கரில் இருந்தார்கள். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என முப்பது பேர். நெட்டை குழியை வெட்டி வைத்திருந்தான். பக்கத்தில் பலகை மேல் அவள். அப்போது மரக்கிடங்கைச் சுற்றிக்கொண்டு ஒரு மோட்டார் பைக் வந்தது. பின்னால் அந்தக் கோல் கட்டியிருந்தது.

வால் முதலில் அவருக்கு வணக்கம் சொன்னான், துக்கம் விசாரித்தான், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். பிறகு கோலைக் குழிக்குள் இறக்கினான். இரண்டரை அடி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"மன்னிக்கணும் மேடம். மூணரைதான் இருக்கு. ஆறடி வெட்டினாத்தான் இறக்க விடுவேன். இல்லன்னா அனுமதி ரத்து."

"கீழ எல்லாம் களிதான்" என்றான் நெட்டை. "வெட்ட வெட்டத் தண்ணி ஊறும்."

"உங்க நோட்டீஸ் வந்துச்சுதான். ஆனா எங்க அக்கா மூணரை அடின்னு படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டா" என்றாள் கொழுந்தியாள். "இத்தனை நாள் இல்லாம, உங்களுக்கு இதை யார் சொன்னது?"

"சார்தான் நேர்ல வந்து சொன்னாங்க. ஒரு விரல்கடை குறைஞ்சாலும் விடாதேன்னு." வால் பெருமையாக அவரைப் பார்த்தான். சொந்த வீட்டு விஷயத்திலும் விதியை விட்டுக்கொடுக்காத மனிதர் என்று அவன் உண்மையாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தியாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அக்காவுக்குத் தெரியுமா அத்தான்?"

"தெரியாது."

அதைச் சொன்னபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வெறும் வெட்கம், சின்னப் பிள்ளையில் திருடி மாட்டிக்கொண்டால் வருமே, அது. போர்வைக்குள் இருப்பவளும் கேட்டுவிட்டாள் என்று தோன்றியது. நாலாவது வரிசை கண்முன்னால் வந்து நின்றது. இந்தப் போர்வை, இந்த விரல்கள், பத்தொன்பது வருடம் கழித்தும் அப்படியே. அதற்கு வழி செய்து வைத்தவர் அவர்தான். என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமலே வாயைத் திறந்தார்.

"விதியைப் படி."

"சார், உங்களுக்குத் தெரியாததா?"

"படிடா."

வால் கைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தான். "ஒன்பது. குழி ஆறடிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்."

"திருப்பிப் படி."

திருப்பிப் படித்தான். ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் எழுதிய வாக்கியம் வாழ்க்கையில் முதல்முறையாக ஆறடியாரின் காதில் முழுசாக விழுந்தது. மனுதாரர்களின் காகிதத்தில் ஒரு கால், ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய கண்கள், தன் வரியில் ஒரு வார்த்தையே இல்லாததைப் பார்க்கவில்லை.

"ஆழம்னு எங்க இருக்கு?"

வால் புத்தகத்தைப் பார்த்தான். பக்கத்தைப் புரட்டினான். மறுபடி வந்தான்.

"இல்ல சார். ஆனா ஆறடின்னா ஆழம்தானே? முப்பது வருஷமா..."

"ஆறடி நிலம்னு சொல்றோமே, அது ஆழமா, நீளமா?"

"நீளம் சார்."

"எழுதினவன் நான். நான் எழுதினது நீளம்."

பச்சைப் பொய். அவருக்கும் தெரியும், வாலுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்க்கு அவர் கொடுத்த விலை சின்னதில்லை. ஆறடி நீளம்தான் என்றால், முப்பத்தோரு வருடம் மழையிலும் வெயிலிலும் குடும்பங்களை நிறுத்தி வைத்ததெல்லாம் வெறும் முட்டாள்தனம் என்றாகிறது. அதை முப்பது பேர் முன்னால் தம் வாயாலேயே சொல்லிவிட்டார்.

"முப்பது வருஷம் தப்பா வெட்டினோம்" என்றார். "என் தப்பு."

முதலில் பாய்ந்தவன் நெட்டை.

"இருபத்திரண்டு வருஷம்யா! குழிக்கு ரெண்டரை அடி கூடுதலா வெட்டியிருக்கேன். என் இடுப்பு போச்சு, முட்டி போச்சு. இப்ப வந்து நீளம்ங்கறீங்க?"

ஆறடியார் அவன் முட்டியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்குள் வால் கோலைப் படுக்க வைத்துக் குழியின் நீளத்தை அளந்துகொண்டிருந்தான். விதி நீளம் என்றால் நீளத்தை அளக்க வேண்டுமே! அளந்துவிட்டு, சங்கடமாக நிமிர்ந்தான்.

"சார்... அப்படிப் பாத்தாலும் அரையடி குறையுது."

கொழுந்தியாள் அக்காளின் அளவுக்கு வெட்டச் சொல்லியிருந்தாள். அக்காள் ஐந்தடிகூட இல்லை. அவளுக்கு ஐந்தரை தாராளம். கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். இப்படியொரு சீடனை உருவாக்கியதற்காக ஆறடியாருக்குத் தம் மேலேயே காறித் துப்பலாம்போல இருந்தது.

நெட்டை மண்வெட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டான்.

"இந்த அரையடியை நீங்க வெட்டுங்க."

யாரும் தடுக்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றினார். கால்சட்டையை முட்டிவரை மடித்தார். குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, உள்ளே இறங்கினார். முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ குழிகளை மேலிருந்து பார்த்தவர் ஒன்றுக்குள்ளும் இறங்கியதில்லை. மண் அவர் மார்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மேலே எல்லாருடைய முகமும் தெரிந்தது.

கால்மாட்டுப் பக்கம் வெட்ட ஆரம்பித்தார். வெட்டத் தெரியவில்லை. முதல் வெட்டு நழுவியது, இரண்டாவது அவர் மேலேயே மண்ணைக் கொட்டியது. மேல்மண் கறுப்பாக, உதிரியாக இருந்தது. வெட்டிய இடத்திலெல்லாம் நூல்நூலாக வேர். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாறின. ஒரு மண்புழு மண்வெட்டியில் தப்பித்து, அவசரமே இல்லாமல் பக்கத்துச் சுவருக்குள் நுழைந்துகொண்டது. கொழுந்தியாள் பலகையில் சாக்பீஸால் வரைந்தபோது அவருக்கு இது எதுவும் தெரியவில்லை. மூக்கைப் பொத்த வேண்டியிருக்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்து வாசனை. இங்கே வைத்தால் இவள் போய்விடுவாள் என்று புரிந்தது. கிடக்கமாட்டாள். அதை நினைத்ததும் ஒன்பது நாளாக, ஏன், அதற்கும் முன்னால் எத்தனையோ நாளாக அடைத்துக்கொண்டிருந்த அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வெட்டினார். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. செத்தவளுக்கு அவசரமில்லை, அழுகிறவருக்கும் அன்றைக்கு இல்லை.

வால் கோலை வைத்துப் பார்த்தான். "சரியா இருக்கு சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கோலைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்தான்.

நெட்டை கையை நீட்டினான். கோபம் பாதி இறங்கியிருந்தது.

"ஏறி வாங்க. மூணரைதான், ஏணி வேண்டாம்."

அவர் ஏறவில்லை. மேலே நாலு பேர் பழக்கதோஷத்தில் கயிற்றை எடுத்துப் பலகைக்கு அடியில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறடியில் கயிறுதான் இறக்கும். கடைசியில் கயிறு கை நழுவும், அடியில் பொத்தென்று ஒரு சத்தம் கேட்கும், நின்றுகொண்டிருக்கும் குடும்பம் ஒருமுறை துள்ளி அடங்கும். அந்த நேரத்தில் அவர் எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"கயிறு வேண்டாம்" என்றார் ஆறடியார். "குடுங்க."

கொழுந்தியாள் தலைப்பக்கம் பிடித்தாள், நெட்டை கால்பக்கம். விளிம்பில் மண்டியிட்டு அவளை நீட்டினார்கள். அவர் இரண்டு கையிலும் வாங்கினார். கனமே இல்லை. முட்டியை மடித்து, மெதுவாகக் குனிந்து, மண்ணில் கிடத்தினார். போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினார். கழுத்துக்கு அடியில் கொடுத்திருந்த கையை, தலை இடித்துக்கொள்ளாமல், கொஞ்சம் கொஞ்சமாக உருவினார்.

அவர் கண்ணெதிரே புதைத்த எத்தனையோ பேரில் ஒருவர் தலையையும் யாரும் இப்படி வைத்ததில்லை. வைக்க ஆசைப்பட்டிருப்பார்கள். ஆறடியில் கை எட்டியிருக்காது.